ஒருவர்கூட வசிக்காத பிரெஞ்சு கிராமத்துக்கு மேயர் எதற்கு?

நீங்கள் கேட்பது பிரான்சின் வெர்டன் நகருக்குப் பக்கத்திலுள்ள ஃப்ளூரி பற்றி. முழுப் பெயர் ஃப்ளூரி-தெவான்-துவோமோன். 1913-இல் 422 பேர் வாழ்ந்த விவசாய ஊர். முதல் உலகப் போரின்போது, 1916 பிப்ரவரி 21 அன்று வெர்டன் போர் தொடங்கியதும் ஊரைக் காலி செய்தார்கள். அந்தக் கோடையில் மட்டும் ஜெர்மானியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் 16 முறை கைமாறியது. கடைசியில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

போருக்குப் பின் மண் முழுக்க வெடிக்காத குண்டுகள், புதையுண்ட உடல்கள். மீண்டும் உழவோ வீடு கட்டவோ வழியில்லாததால், அரசு அதைத் தடை செய்யப்பட்ட 'சிவப்பு மண்டல'த்தில் சேர்த்து மரம் நட்டது. ஆனால் ஊரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. நாட்டுக்காக உயிர்விட்ட வீரனைப் போலவே 'பிரான்சுக்காக இறந்த ஊர்' என்று அறிவித்தது. எனக்கு இது மிகப் பெரிய மரியாதையாகப் படுகிறது.

வாக்காளரே இல்லாததால் தேர்தல் கிடையாது. மாவட்டத்தின் அரசுப் பிரதிநிதி மூன்று பேர் குழுவை நியமிக்கிறார். அதன் தலைவர்தான் மேயர். இடத்தைப் பராமரிப்பதும் நினைவு நிகழ்ச்சிகளை நடத்துவதும் அவர் பொறுப்பு.

இன்று போனால் குண்டுக்குழிகள் புல் மூடி அலையலையாகக் கிடக்கும். நடுநடுவே சிறு கற்கள்: இங்கே பள்ளிக்கூடம், இங்கே ரொட்டிக்கடை என்று. 2013-இல்கூட 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் இங்கே கிடைத்தன. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967 முதல் வெர்டன் போர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

பெசோன்வோ, ஓமோன் உட்பட இன்னும் ஐந்து ஊர்களுக்கும் இதே நிலைதான்.