ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த ராபர்ட் டிராவரின் ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ (1958) படித்தேன். நல்ல விறுவிறுப்பு. ஆனால் கடைசியில் ஏமாற்றம். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் சாதாரண குடிமக்களான ஜூரிகள் தனியறைக்குள் போகிறார்கள், வெளியே வந்து தீர்ப்பைச் சொல்கிறார்கள். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதானே கதையின் உச்சம்? இன்னொன்று: 1959இல் நடந்த நானாவதி கொலை வழக்கோடு நம் நாட்டில் ஜூரி முறை முடிந்துவிட்டது. ஜூரியையே பார்த்திராத நமக்கு இந்த நாவல்களில் அப்படி என்ன இருக்கிறது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

கதையைச் சொல்பவர் கொலை செய்தவரின் வக்கீல் பால் பீக்லர். அவரால் ஜூரி அறைக்குள் போக முடியாது. அதனால் நாமும் போவதில்லை. போயிருந்தாலும் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பு நாவலின் ஆரம்பத்தில், வக்கீலும் கட்சிக்காரரும் சிறையில் பேசும் இடத்திலேயே தயாராகிவிடுகிறது.

அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தன் மனைவியைப் பலாத்காரம் செய்தான் என்று பார் முதலாளி பார்னி குவில்லை, பலர் பார்க்கச் சுட்டுக் கொன்றிருக்கிறார் லெப்டினன்ட் மேனியன். பீக்லர் அவருக்குச் சட்டம் சொல்லித்தருகிறார். கொலை வழக்கிலிருந்து தப்பிக்க என்னென்ன வழிகள், அவற்றில் எதெல்லாம் உங்களுக்கு உதவாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார். கடைசியில் மிஞ்சுவது புத்தி பேதலிப்பு ஒன்றுதான். அதற்கப்புறம்தான் மேனியனுக்கு, அந்த நேரத்தில் தன் புத்தி தன்னிடம் இல்லை என்பது ‘ஞாபகம்’ வருகிறது. பீக்லர் பொய் சொல்லச் சொன்னாரா? இல்லை. அப்படியானால் அவர் செய்ததற்கு என்ன பெயர்? நாவலில் எனக்கு மிகவும் பிடித்ததும் கொஞ்சம் அருவருப்பு தந்ததும் இந்த இடம்தான்.

ஏன் புத்தி பேதலிப்பு? மனைவிக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டதற்கும் சுட்டதற்கும் நடுவே நேரம் போய்விட்டது. ஆத்திரத்தில் செய்தேன் என்றால் அந்த இடைவெளி உதைக்கும். அதை ஏற்றுக்கொண்டாலும் தண்டனைதான் குறையும், விடுதலை கிடையாது. ஜூரியில் உட்காரப்போகிறவர்களோ, ‘நானாக இருந்தாலும் சுட்டிருப்பேன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளக்கூடிய சாதாரண ஊர்க்காரர்கள். விட்டுவிட அவர்களுக்கு ஆசைதான், ஆனால் சட்டப்படி நடப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார்கள். அந்த ஆசைக்குச் சட்டத்திலிருந்தே ஒரு சாக்கு தேவை. பீக்லரும் அவருக்கு உதவும் குடிகாரக் கிழட்டு வக்கீல் பார்னெலும் சட்டப் புத்தகங்களைக் குடைந்து, கதை நடக்கும் அமெரிக்க மாநிலமான மிச்சிகனின் 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். செய்வது தப்பு என்று தெரிந்திருந்தாலும், அடக்க முடியாத உந்துதலில் செய்திருந்தால் அதுவும் புத்தி பேதலிப்பில் சேரும். சாக்கு கிடைத்துவிட்டது. அதற்குமேல் அந்த அறைக்குள் அவர்கள் என்ன பேசினால் என்ன?

இதெல்லாம் வெறும் கற்பனையும் இல்லை. டிராவர் என்பது புனைபெயர். ஜான் வோல்கர் என்பது நிஜப்பெயர். பல ஆண்டுகள் அரசு வக்கீலாக இருந்தவர், நாவல் வந்தபோது மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதி. 1952இல் பிக் பே என்ற ஊரில் நடந்த கொலையில் கொலையாளிக்காக வாதாடியவர் அவர்தான். அங்கும் புத்தி பேதலிப்பு வாதம்தான், அங்கும் விடுதலைதான். (மீன் பிடிக்கும் பக்கங்களை நான் தாண்டிவிட்டேன். மனிதருக்குத் தூண்டில் பைத்தியம். நாவல் நன்றாக விற்றதும் நீதிபதி பதவியையே விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனவர்.)

நானாவதிக்கு வருகிறேன். அதுதான் இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மிகை. 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரும்வரை அங்கங்கே ஜூரி இருந்தது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அந்த வழக்கிலேயே பதில் இருக்கிறது.

1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலர் பிரேம் அஹுஜாவைச் சுட்டார். மதியம் 1.30க்கு வீட்டிலிருந்து கிளம்பி, மனைவி மக்களைச் சினிமாவுக்கு விட்டுவிட்டு, கப்பலுக்குப் போய் ரிவால்வர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். சுட்டது 4.20க்கு. இங்கும் அதே இடைவெளி, ஜூரிக்கும் அதே மனசு. ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சாக்கு, கைகலப்பில் துப்பாக்கி தானாக வெடித்தது என்பது. குளித்துவிட்டு வந்த அஹுஜாவின் இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழக்கூட இல்லை! இருந்தும் ஒன்பது பேரில் எட்டு பேர் குற்றவாளி இல்லை என்றார்கள்.

மிச்சிகனாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஜூரி விடுவித்த ஆளை அங்கே யாரும் தொட முடியாது. அன்றைய நம் சட்டத்திலோ, ஜூரி சொன்னதை ஏற்க முடியாவிட்டால் செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று இருந்தது. அனுப்பினார். ஆயுள் தண்டனை வந்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது: ஆத்திரம் என்ற வாதமும் செல்லாது, மனம் அடங்க மூன்று மணி நேரம் போதும் என்றது.

ஆக, ஜூரி இருந்த காலத்திலும் கடைசி வார்த்தையை நாம் ஜூரியிடம் விட்டதில்லை. பன்னிரண்டு சாதாரண ஆட்கள் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்கிற அந்த அதிகாரம் நமக்குப் புதுசு. எனக்கு இந்த நாவல்களில் ஈர்ப்பும் பயமும் அதுதான். அதே காரணத்தால், நம் ஊர் ஜூரியை வைத்து நாவல் எழுதுகிறவர் ஜூரி தீர்ப்போடு புத்தகத்தை மூடிவிட முடியாது.

முடிந்தால் நானாவதி வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வாசியுங்கள். செஷன்ஸ் நீதிபதி ஜூரிக்குச் சட்டத்தை விளக்கியதில் எங்கெங்கே கோட்டைவிட்டார் என்பது அதில் விவரமாக இருக்கிறது. நாவலில் நீதிபதி வீவர் ஜூரிக்குச் சட்டம் சொல்லும் பக்கங்களை அதற்கப்புறம் படித்துவிட்டு எழுதுங்கள்.