இத்தாலியனில் 'பிடிக்கும்': வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: நர்ஸிங் முடித்துவிட்டு இத்தாலிக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில், ஆங்கிலவழிப் புத்தகம் ஒன்றை வைத்து இத்தாலியன் படிக்கிறேன். 'பியாச்சேரே' என்ற வினைக்கு 'லைக்' என்று அர்த்தம் போட்டிருக்கிறது. ஆனால் வாக்கியத்தில் 'நான்' வரவே மாட்டேன் என்கிறதே?
– வாசகி, திருமங்கலம்

பதில்: இந்த ஒரு வினைக்கு மட்டும் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வர விருதுநகர் போய்ச் சுற்றுவீர்களா? 'ஐ லைக்' என்பதில் ஆள்தான் எழுவாய். நாமோ 'எனக்குக் காபி பிடிக்கும்' என்கிறோம். 'நான்' எழுவாயாக வருவதில்லை, நமக்கு நான்காம் வேற்றுமை. இத்தாலியனும் அப்படியே: 'மீ பியாச்சே இல் காஃபே'. 'மீ' என்றால் எனக்கு, 'தீ' என்றால் உனக்கு. அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால் 'அ மியா மாத்ரே பியாச்சே', அதாவது நாம் பின்னால் ஒட்டுகிற 'கு'வை அவர்கள் 'அ' என்று முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். 'எனக்குப் பாடப் பிடிக்கும்' கூட 'மீ பியாச்சே காந்தாரே' என்று அச்சாக வந்து உட்காரும். 1606-இல் மதுரைக்கு வந்து தமிழ் கற்ற இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலிக்கு நம் 'எனக்குப் பிடிக்கும்' அந்நியமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நமக்கு இடிப்பது பன்மையில். புத்தகம் ஒன்றோ பலவோ, நமக்கு ஒரே 'பிடிக்கும்'தான். அங்கே பல என்றால் 'மீ பியாச்சொனோ இ லிப்ரி'. இறந்த காலத்தில் இன்னொரு வேலை இருக்கிறது: பிடித்த பொருளின் பாலுக்கு ஏற்பச் சொல் மாறும். ஐஸ்கிரீம், அதாவது ஜெலாத்தோ, ஆண்பால், 'மீ எ பியாச்சூத்தோ'. பீட்சா பெண்பால், 'மீ எ பியாச்சூத்தா'. பேசுகிற நீங்கள் பெண் என்பதால் எதுவும் மாறாது.

அப்புறம், ஒருவரைப் பார்த்து 'மீ பியாச்சி' என்றால் 'உன்மேல் எனக்கு ஒரு இது' என்று ஆகிவிடும், ஜாக்கிரதை. கூட வேலை பார்ப்பவர் நல்ல மனிதர் என்று சொல்ல 'மீ ஸ்தா சிம்பாத்திக்கோ' போதும். 'மீ டிஸ்பியாச்சே' என்றால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது 'வருத்தமாக இருக்கிறது, மன்னியுங்கள்'. பிடிக்கவில்லை என்பதற்கு 'நோன் மீ பியாச்சே'.

'எனக்கு' போட்டுச் சொல்கிற வினைகள் இன்னும் உண்டு. 'மீ பாஸ்தா' எனக்குப் போதும். 'மீ ஃபா மாலே லா தெஸ்தா' எனக்குத் தலை வலிக்கிறது. நோயாளியிடம் மரியாதையாகக் கேட்க 'மீ'யை எடுத்துவிட்டு 'லே' போடுங்கள்: 'தோவே லே ஃபா மாலே?', உங்களுக்கு எங்கே வலிக்கிறது? வார்டில் முதல் நாளே தேவைப்படும், இதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.