குளிர்கால வறுமை

கேள்வி: இங்கிலாந்து போன்ற பணக்கார நாட்டிலும் ஏழைகள் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் முடங்குகிறார்களாமே, அரசு உதவுவதில்லையா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உதவுகிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குளிர்காலத்தில் மின்கட்டணத்தில் 150 பவுண்டு தள்ளுபடி உண்டு. ஆனால் சிக்கலின் வேர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன் கட்டப்பட்ட செங்கல் வீடுகள் பலவற்றின் சுவருக்குள் இடைவெளியே இல்லாததால், வெப்பக்காப்புப் பொருளை உள்ளே செலுத்த வழியில்லை. சுவரின் மேல் தனியாகக் காப்புப் பலகை பதிக்க ஆயிரக்கணக்கான பவுண்டு பிடிக்கும், அதை வாடகைக்கு இருப்பவர் எப்படிச் செய்வார்? ஹீட்டர் எரிந்தாலும் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அணைத்தாலோ சுவரில் ஈரம் படிந்து பூஞ்சை பூக்கும்.

இதில் கொடுமை, முன்பணம் செலுத்தும் மீட்டர். நம்மூர் செல்போனைப்போல் ரீசார்ஜ் செய்தால்தான் ஹீட்டருக்கான எரிவாயு வரும். கோடையில் ஹீட்டரைத் தொடாவிட்டாலும் நிலைக்கட்டணம் தினமும் ஏறி, அடுத்த ரீசார்ஜில் கழிக்கப்படும். தள்ளுபடி அந்தக் குளிர்காலத்தோடு கரைந்துவிடும், சுவருக்குச் செய்யும் செலவோ பல்லாண்டு பயன்தரும் என்பதால், அரசு முதலில் பழைய வாடகை வீடுகளைச் செப்பனிட வேண்டும் என்பதே என் கருத்து.