வாசகர் கேள்வி – பதில்: ஈரமாய் வந்த நகல்கள்

சென்ற இதழில், நகல் இயந்திரங்களில் பயன்படும் உலர்ந்த மைத்தூளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள், தூளுக்குப் பதிலாகத் திரவ மையைக் கொண்டு நகல் எடுத்த இயந்திரங்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

1970களில் நான் எழுத்தராகப் பணியாற்றிய அலுவலகத்தில், நகல் இயந்திரத்திலிருந்து தாள்கள் சற்று ஈரமாகவும் மண்ணெண்ணெய் போன்ற வாடையுடனும் வெளிவரும். தாளும் வழவழப்பாகவும் கனமாகவும் இருக்கும். அதுவும் ஜெராக்ஸ்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

பேச்சுவழக்கில் எல்லா நகலும் ஜெராக்ஸ்தான். ஆனால் அந்தப் பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ‘உலர்ந்த’ என்பது பொருள் என்பதால், ஈரமாக வந்த தாளுக்கு அது சற்றும் பொருந்தாத பெயர். நீங்கள் பார்த்தது, பெரும்பாலும், துத்தநாக ஆக்சைடு பூசிய தாளின் மீதே நேரடியாக நகல் எடுக்கும் இயந்திரமாக இருக்கும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் 1954-இல் எலக்ட்ரோஃபாக்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட முறை அது.

அத்தகைய தாள், உயர் மின்னழுத்தம் பாய்ச்சிய மெல்லிய கம்பிக்கு அடியில் இருட்டில் நகரும்போது, அதன் மேற்பரப்பு முழுவதும் எதிர்மின்னூட்டம் பெறும். பிறகு மூலப்பிரதியின் பிம்பம் அதன் மேல் விழும். ஒளி பட்ட இடங்களில் துத்தநாக ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதால் அங்கிருந்த மின்னூட்டம் தாளின் அடிப்பகுதி வழியே வடிந்துவிட, எழுத்துகளின் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் அது எஞ்சி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மின் உருவத்தைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் மையின் வேலை. தாள் மைத்தொட்டிக்குள் புகுந்து வெளியேறும்போது, திரவத்தில் மிதக்கும் நேர்மின்னூட்டம் கொண்ட கரித்துகள்கள் எழுத்துகளின் மேல் சென்று படிகின்றன. மிகுதித் திரவத்தை இரண்டு உருளைகள் பிழிந்தெடுக்கும். பிழிந்த பின்னும் தாளில் தங்கிய திரவமே நீங்கள் உணர்ந்த ஈரமும் வாடையும். தாளின் கனத்துக்குக் காரணம் துத்தநாகப் பூச்சு. பழைய கோப்புகளில் அத்தகைய தாள் ஏதேனும் கிடைத்தால், ஓரத்தில் ஒரு நாணயத்தின் விளிம்பால் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது துத்தநாகத் தாளாக இருக்க வாய்ப்பு மிகுதி.

திரவத்துக்குள் அமிழ்த்தினால் தாளில் உள்ள மின்னூட்டம் கரைந்து போகாதா?
– இயற்பியல் மாணவி, மதுரை

தண்ணீராக இருந்தால் நொடிப்பொழுதில் போய்விடும். அதனால்தான் இந்த மைக்கு நீர் ஒருபோதும் அடிப்படையாவதில்லை. நன்கு தூய்மையாக்கிய ஐசோபாரஃபின் வகை ஹைட்ரோகார்பன் எண்ணெய்களே இதற்குப் பயன்பட்டன. துகள்களைச் சுமக்கும் இந்தத் திரவத்தின் மின்தடைத்திறன் நூறு கோடி ஓம்-சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், மின்காப்பு மாறிலி (மின்புலத்தைத் திரவம் எவ்வளவு வலுக்குறைக்கிறது என்பதன் அளவு) 3-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் வரம்பு.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இவ்வளவு நல்ல மின்காப்புத் திரவத்தில் அயனிகள் எளிதில் உண்டாவதில்லை என்றால், துகளுக்கு மின்னூட்டம் எங்கிருந்து வரும்? அதற்காகவே மின்னூட்டம் அளிக்கும் ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். சோயாவிலிருந்து கிடைக்கும் லெசித்தின்கூட இந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. சாக்லேட்டில் சேர்க்கும் அதே பொருள்தான். இதன் மூலக்கூறுகள், எண்ணெயை விரும்பும் வால்கள் வெளியேயும் மின்தன்மையுள்ள தலைகள் உள்ளேயுமாகச் சிறு உருண்டைகளாகத் திரண்டு, எதிரெதிர் மின்னூட்டங்கள் மீண்டும் ஒன்று சேர்ந்துவிடாதபடி அவற்றைப் பிரித்து வைத்திருக்கின்றன. மின்னூட்டம் பெற்ற துகள் மின்புலத்தின் இழுப்புக்கு ஏற்பத் திரவத்தினூடே நகர்வதை எலக்ட்ரோபோரிசிஸ் என்கிறோம். உங்கள் உயிரியல் தோழிகள் டி.என்.ஏ. துண்டுகளைக் கூழில் ஓடவிட்டுப் பிரிப்பதும் இதே நிகழ்வுதான்.

அந்தக் காலத்து நகல்களில் எழுத்துகள் தெளிவாக இருக்கும். ஆனால் பெரிய கறுப்புப் பரப்புகளின் ஓரம் மட்டும் கறுத்து, நடுவில் வெளிறிக் கிடக்கும். இது மையின் குறையா?
– அச்சகத் தொழிலாளி, சிவகாசி

மையின் குறை அன்று, மின்புலத்தின் இயல்பு. அகன்ற பரப்பு ஒன்றில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கும்போது, அதன் விசைக்கோடுகள், அதாவது மின்விசை செயல்படும் திசையைக் காட்டும் கோடுகள், அடியிலுள்ள எதிர் மின்னூட்டத்தை நோக்கியே செல்லும். மேலே இருக்கும் திரவத்துக்குள் அவை ஏறக்குறைய எட்டிப் பார்ப்பதே இல்லை. மின்னூட்டம் உள்ள இடமும் இல்லாத இடமும் சந்திக்கும் விளிம்பில் மட்டுமே கோடுகள் வளைந்து வெளியே வருகின்றன. ஆகவே விளிம்பிலுள்ள துகள்கள் இழுக்கப்படுகின்றன. நடுப்பகுதிக்கு மேலே மிதக்கும் துகள்களுக்கோ கீழே ஒரு கறுப்புப் பரப்பு காத்திருப்பதே தெரியாது. எழுத்து என்பது பெரும்பாலும் விளிம்புதான் என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

இதற்கான தீர்வு, உருவத்துக்கு மிக அருகில், மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், ஓர் உலோகத் தகட்டை மின்முனையாக நிறுத்துவது. விசைக்கோடுகளில் ஒரு பகுதி இப்போது மேல்நோக்கி அந்தத் தகட்டை நாடுவதால், நடுப்பகுதியும் நிரம்புகிறது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் மையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கலாம் என்பது திரவத்துக்கே உரிய வசதி. தகட்டுக்குச் சிறிது மின்னழுத்தம் கொடுத்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடங்களில் படியும் மங்கல் கறையையும் தடுக்கலாம். உங்கள் நகல்களைத் தந்த இயந்திரத்தில் இந்தத் தகடு இல்லாதிருக்கலாம், அல்லது அதில் மை காய்ந்து படிந்திருக்கலாம்.

திரவ முறையைக் கண்டுபிடித்தவர் செஸ்டர் கார்ல்சன்தானா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அல்லர். உலர் நகல் முறையைக் கண்டுபிடித்தவரான கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் நகலே உலர்ந்த தூளால், அதாவது லைக்கோபோடியம் தாவரத்தின் வித்துத் தூளால், எடுக்கப்பட்டது. திரவ மையை 1950களின் முதற்பாதியில் உருவாக்கியவர்கள், ஆஸ்திரேலிய அரசின் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் பணிபுரிந்த கென் மெட்காஃபும் பாப் ரைட்டும் ஆவர். மெட்காஃபின் ஆய்வுக் கட்டுரை 1955-இல் வெளிவந்தது.

திரவ மை அவ்வளவு நுட்பமானது என்றால், அது ஏன் கடைத்தெருவிலிருந்து மறைந்தது?
– நகலகம் நடத்துபவர், கோயம்புத்தூர்

நுட்பமானது என்பதில் ஐயமில்லை. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 42 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). உலர் தூளின் துகள் 8 மைக்ரான் என்று கொண்டால், அந்த அகலத்தில் ஐந்து துகள்களே அடங்கும். திரவத்தில் மிதக்கும் 1 மைக்ரான் துகள்களானால் நாற்பது அடங்கும். உலர் தூளையும் இவ்வளவு பொடியாக அரைக்கலாமே என்றால், அது காற்றில் பறந்து மூச்சில் கலக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டுக்கடங்காமலும் போகும். திரவம் அந்தத் துகள்களைப் பறக்காமல் பிடித்து வைக்கிறது.

ஆனால் அதே திரவம்தான் அதற்குப் பகையாகவும் ஆயிற்று. 1975-இல் ஜப்பானின் ரிக்கோ தயாரித்து அமெரிக்காவில் சேவின் நிறுவனம் விற்ற இயந்திரம், பூச்சில்லாத சாதாரணத் தாளிலேயே திரவ மையால் நகல் எடுத்து நன்றாக விற்றது. எனினும் ஒவ்வொரு தாளும் சிறிது எண்ணெயைச் சுமந்து வந்து அறைக்குள் ஆவியாக்கிக்கொண்டிருந்தது. 1982-இல் கேனன் நிறுவனம் மைத்தூளும் மின் உருவத்தைத் தாங்கும் உருளையும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய சிறிய நகல் இயந்திரத்தை வெளியிட்ட பிறகு, புட்டியிலிருந்து மை ஊற்றிக் கைகளைக் கறையாக்கிக்கொள்ள அலுவலகங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

எனினும் அச்சுத்தொழில் அதை விட்டுவிடவில்லை. பென்னி லாண்டா 1977-இல் இஸ்ரேலில் தொடங்கிய இண்டிகோ நிறுவனம் 1993-இல் வெளியிட்ட வண்ண அச்சு இயந்திரம் திரவ மையிலேயே இயங்கியது. அதில் உருவம் முதலில் சூடான ஒரு ரப்பர் போர்வைக்கு மாறும். அங்கே எண்ணெய் பெரும்பாலும் ஆவியாகி, துகள்கள் உருகி மெல்லிய படலமாகிவிடும். குளிர்ந்த தாளைத் தொட்டதும் அந்தப் படலம் முழுவதுமாக அதில் ஒட்டிக்கொள்ளும். இண்டிகோவைப் பின்னர் எச்.பி. நிறுவனம் வாங்கிக்கொண்டது. உங்கள் ஊரில் திருமண ஆல்பம் அச்சிடும் கூடங்களில் அந்த இயந்திரங்களைக் காணக்கூடும்.

எங்கள் பழைய இயந்திரத்தில், தொட்டியில் மை கறுப்பாக நிறைந்திருந்தும் நகல்கள் மங்கிக்கொண்டே வரும். திரவம் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால்தான் சரியாகும். ஏன்? மண்ணெண்ணெய் கலந்து நீட்டித்திருக்க முடியாதா?
– ஓய்வுபெற்ற இயந்திர இயக்குநர், திருச்சிராப்பள்ளி

கறுப்புத் துகள்கள் தாளோடு வெளியேறிவிடும். மின்னூட்டம் அளிக்கும் பொருளோ அதே விகிதத்தில் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு முறை புது மை ஊற்றும்போதும் அது தொட்டியில் கூடிக்கொண்டே போக, திரவத்தின் மின்கடத்துதிறன் உயரும். கறுப்புத் துகள்களைவிட விரைந்து செல்லும் நிறமற்ற அயனிகள் முந்திச் சென்று உருவத்தின் மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடுவதால், பின்னால் வரும் துகள்களுக்கு ஒட்டிக்கொள்ள எதுவும் எஞ்சாது. கடையில் வாங்கும் மண்ணெண்ணெயில் ஈரமும் மாசும் இருக்கும் என்பதால் கடத்துதிறன் மேலும் உயர்ந்திருக்கும்; நகல் இன்னும் மங்கியிருக்கும். நீங்கள் கொட்டியதே சரி.