பீட்றூட் தோலும் வெங்காயச் சருகும்: மெஷினுக்கு முற்பணம் கட்டலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் மரக்கறி வெட்டிப் பாசிக்குடா ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறோம். பீட்றூட் தோலும் பம்பாய் வெங்காயச் சருகும் சாக்குக் கணக்கில் சேர்கின்றன. இவற்றைச் சாயத்தூளாக்கும் மெஷினைத் தவணைக்குத் தந்து, தூளையும் தானே வாங்குவதாக ஒருவர் சொல்கிறார். முற்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தூளை என்ன விலைக்கு, என்ன தரத்தில் எடுப்பார் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு வியாபாரம் மெஷின்தான், தூள் அல்ல. காசு கைமாறிய பிறகு “நிறம் காணாது, ஈரம் கூட” என்று உங்கள் தூளைத் தட்டிக் கழிப்பார்கள்.

பீட்றூட் சிவப்பு சதையைவிடத் தோலில் கூட. ஆனால் சூடும் வெளிச்சமும் அதற்கு ஆகாது. பருத்தித் துணியில் போட்டால் தோய்க்கத் தோய்க்கப் போய்விடும். அது உணவுக்குரிய நிறம், உணவு நிறங்களின் பட்டியலில் அதன் எண் இ162 (E162). மண்ணோடு வரும் தோலைக் கிருமிச் சோதனை இல்லாமல் உணவென்று விற்கக் கூடாது. சுயதொழில் பயிற்சி நடத்துகிறவர்கள் கூப்பிட்டுச் சோற்றுப் பார்சலும் சான்றிதழும் தருகிறார்கள். சோதனைக்கு எங்கே போவது, செலவை யார் தருவது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதனால் இப்போதைக்குத் தோல் மாட்டுக்கே போகட்டும்.

உங்களுக்குக் காசு வெங்காயச் சருகில். மெஷினே தேவையில்லை. ஒரு கிலோ பருத்தி நூலுக்கு ஒரு கிலோ காய்ந்த சருகு. ஒரு மணித்தியாலம் அவித்து வடியுங்கள். நூலை முதல்நாள் இரவு கடுக்காய்த் தண்ணீரிலும், பிறகு 150 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரிலும் ஊறவைத்துத்தான் சாயத்தில் போட வேண்டும். பொன்மஞ்சளிலிருந்து செம்மண் நிறம் வரை வரும்.

பாத்திரம் மட்டும் இரும்பு வேண்டாம். சில்வர் பானை நல்லது. துருவேறிய பானையோ, துரு மணக்கும் கிணற்றுத் தண்ணீரோ பட்டால் மஞ்சள் மங்கிப் பாசி நிறமாகிவிடும். கடுக்காய் போட்ட நூலென்றால் இன்னும் கறுக்கும். அந்த நிறத்தையே கேட்கும் தறிக்காரரும் உண்டு. அவருக்கென்று தனிப் பானை, தனி அகப்பை வையுங்கள். ஒரே அகப்பையால் இரண்டையும் கிண்டினால் மஞ்சள் கெட்டது கெட்டதுதான்.

சாயமிட்ட நூல் கழி இரண்டு மூன்றோடு மருதமுனைத் தறிக்காரரிடம் நேரே போங்கள், நடுவில் ஆள் வேண்டாம். வெயிலில் வெளிறும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சருகில் அழுகல் கலந்தால் சாக்கு முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். வெட்டும்போதே பிரித்துப் போடுங்கள்.