டின் மூடியின் மடிப்பை வெளியே பார்த்தால் மட்டும் போதாதா?

போதாது. மீன் டின்னோ பழ டின்னோ, உடலின் விளிம்பும் மூடியின் விளிம்பும் உள்ளுக்குள் இரண்டு கொக்கிகளாகக் கோத்திருக்கும். அந்தப் பிடி வெளியே தெரியாது.

அதனால் சில டின்களைப் பலி கொடுத்தே ஆகவேண்டும். முதலில் மடிப்பின் உயரம், தடிமன் இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளப்பார்கள். வட்ட டின் என்றால் சுமார் 120 டிகிரி இடைவெளியில் குறைந்தது 3 இடங்களில், உடல் தகட்டின் இரு ஓரங்களும் சேரும் பக்கவாட்டு இணைப்பைத் தவிர்த்துவிட்டு. அப்புறம் மூடியின் நடுப்பகுதியை வெட்டியெடுத்து, மடிப்பை உரித்து, கொக்கிகளைத் தனித்தனியாக அளப்பார்கள். இரண்டின் நீளத்தோடு மூடித் தகட்டின் தடிமனைக் கூட்டி, மடிப்பின் உயரத்தைக் கழித்தால், கொக்கிகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

அளவு சரியாக வந்தாலும் மூடிக் கொக்கியைத் திருப்பிப் பார்க்காமல் விடக்கூடாது. அதில் அலையலையாகச் சுருக்கம் ஏறியிருந்தால், பெரும்பாலும் மூடி போடும் மெஷினில் மடிப்பை இறுக்கும் இரண்டாவது உருளை போதிய அளவு அழுத்தவில்லை என்று அர்த்தம். வேகவைத்த டின் குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். தளர்ந்த மடிப்பு வழியாகக் குளிர்விக்கும் நீரும் கிருமியும் உள்ளே இழுக்கப்படலாம்.

அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் விதிப்படி, கண்ணால் பார்ப்பது அதிகபட்சம் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, பிரித்துப் பார்ப்பது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் மெஷினில் டின் சிக்கினால், எடுத்த கையோடு மறுபடியும் பார்க்கவேண்டும்.