பெரிய கட்சி இல்லாமல் கோட்டையைப் பிடித்தவர்

கே: அமெரிக்காவில் குடியரசு, ஜனநாயகக் கட்சிகளைச் சேராத ஒருவர் மாநில ஆளுநராக முடியுமா?

ப: முடியும். அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில அரசின் தலைவர். கனெக்டிகட் மாநிலத்தின் லோவெல் வைக்கர் 1990இல் அப்படி வென்றார். அதற்கு முன் 1971 முதல் 1989 வரை அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர், அதுவும் குடியரசுக் கட்சிக்காரர். எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்த வாட்டர்கேட் ஊழலை விசாரித்த செனட் குழுவில் இருந்தபோது தன் கட்சி அதிபர் நிக்சனையே எதிர்த்தார். 1988 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோ லீபர்மனிடம் சுமார் 10,000 வாக்குகளில் தோற்றபின், 'எ கனெக்டிகட் பார்ட்டி' என்ற சொந்தக் கட்சியைத் தொடங்கினார்.

வெற்றியின் சூட்சுமம் தேர்தல் முறையில் இருக்கிறது. ஒரே சுற்று, முதலிடம் பிடித்தால் போதும். வைக்கருக்கு ஏறத்தாழ 40%, குடியரசுக் கட்சிக்கு 37%, ஜனநாயகக் கட்சிக்கு 21%. 1970இல் அவர் முதன்முதலில் செனட்டுக்குத் தேர்வானதும் இப்படியொரு மும்முனைப் போட்டியில்தான்.

கே: சட்டமன்றத்தில் தன் கட்சிப் பெரும்பான்மை இல்லாமல் எப்படி ஆட்சி நடத்தினார்?

ப: சட்டமன்றம் நிறைவேற்றுவதை நிராகரிக்கும் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) வைத்து. இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. கஜானாவிலோ பெரும் பற்றாக்குறை. வட்டி, ஈவுத்தொகை, மூலதன ஆதாயம் ஆகியவற்றுக்கு வரி இருந்தது, சம்பளத்துக்கு இல்லை. விற்பனை வரி 8%. அது சாதாரணக் குடும்பங்களைத்தான் அதிகம் அழுத்தியது. வருமான வரி வேண்டும் என்றார் வைக்கர். அது இல்லாமல் வந்த மூன்று பட்ஜெட்டுகளையும் திருப்பி அனுப்பினார். ஜூலையில் புது நிதியாண்டு பிறந்தும் பட்ஜெட் இல்லாததால் பல அரசுப் பணிகள் முடங்கின. கடைசியில் 1991 ஆகஸ்டில் 4.5% வருமான வரி நிறைவேறியது, விற்பனை வரி 6% ஆகக் குறைந்தது. மாநில செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிந்தபோது, துணை ஆளுநர் யூனிஸ் குரோர்க் தன் வாக்கால் முடிவு செய்தார். துணை ஆளுநரும் வைக்கரின் அணியிலேயே இருந்திராவிட்டால் அந்த மசோதா அங்கேயே வீழ்ந்திருக்கும்.

அக்டோபரில் மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில் பல்லாயிரம் பேர் திரண்டு அவருக்கு எதிராக முழங்கினார்கள். அவர் அசையவில்லை. அந்த உறுதி மதிக்கத்தக்கது. வருமான வரி இன்றும் அங்கே இருக்கிறது.

கே: அந்தக் கட்சி பிறகு என்னவாயிற்று?

ப: 1994இல் வைக்கர் மீண்டும் போட்டியிடவில்லை. குரோர்க் நின்று சுமார் 19% வாங்கி மூன்றாம் இடம் பெற்றார். பெரிய கட்சி என்ற சட்டத் தகுதிக்கு ஆளுநர் தேர்தலில் 20% வேண்டும், நூலிழையில் தவறியது. தலைவர் ஒருவரையே நம்பிய, ஊர்தோறும் கிளையில்லாத கட்சிக்கு அதிலிருந்து மீள வழியில்லை. சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது.